முப்பது வருஷம் காத்திருந்த பட்டம்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத குடும்பங்கள் நம் அங்கத்தினர்களில் இன்று குறைவு. அவர்கள் படிப்பை முடித்துத் திரும்பி வந்தால் இங்கே ஒரு அலுவலகம் அந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்கிறது. இங்கே படித்தவர்கள் அங்கே போனால் அங்கேயும் அதே கேள்விதான். மூன்று வருஷ பி.எஸ்ஸி.யா, நான்கு வருஷமா, யூனிவர்சிட்டி பட்டியலில் இருக்கிறதா, தகுதிப் பரீட்சை எழுதியாயிற்றா என்று விசாரணை நீளும். ஈக்விவலன்ஸ் என்ற வார்த்தை பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகிவிட்டது.

இது இந்தத் தலைமுறைக்கு வந்த புதுச் சங்கடம் என்று பலர் நினைக்கிறார்கள். நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே எங்கள் புணேயில் படித்து ஆக்ஸ்ஃபோர்டு வரை போய்ச் சட்டப் பரீட்சையில் தேறித் திரும்பிய ஒரு பெண்மணி இதே சங்கடத்தைச் சந்தித்தார். அவர் பெயர் கொர்னீலியா சொராப்ஜி. இந்தியாவின் முதல் பெண் வக்கீல் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது வருஷக் கதை இருக்கிறது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. படித்தது பௌதிகம், செய்தது சர்க்கார் உத்தியோகம். சர்வீஸ் முழுவதும் விதிகளோடும் ஃபைல்களோடும் பழகியவன். ஓய்வுக்குப் பிறகு புணேயில் குடியேறியபின் இந்த அம்மையாரின் சரித்திரத்தில் ஆர்வம் உண்டாயிற்று. ஃபைலைப் பார்ப்பது போலவே தேதிவாரியாக எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அதைத்தான் இங்கே அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பிறப்பும் வீடும்

கொர்னீலியா 1866-ம் வருஷம் நவம்பர் 15-ம் தேதி நாசிக்கில் பிறந்தார். தந்தை ரெவரெண்ட் சொராப்ஜி கர்சேட்ஜி, பார்ஸி குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். தாயார் ஃபிரான்ஸினாவை ஃபோர்டு என்ற ஆங்கிலத் தம்பதிகள் வளர்த்தார்கள். அந்த ஃபோர்டு சீமாட்டியின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார்கள். குடும்பம் பூனாவுக்கு வந்தபின் தாயார் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். பல பாஷை பேசும், பல மதங்களைச் சேர்ந்த குழந்தைகள் அங்கே படித்தார்கள்.

கொர்னீலியா சிறுமியாக இருந்தபோது ஒரு விதவை அம்மாள் இவர்கள் வீட்டுக்கு வந்தாராம். தன் சொத்தைப் பார்த்துக்கொண்ட நிர்வாகியை நம்பிக் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் இழந்தவர். அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது என்பது அவர் குடும்ப வழக்கம். அதனால் எந்த வக்கீலையும் நேரில் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் பெரியவளாகிச் சட்டம் படி என்று தாயார் மகளிடம் சொன்னாராம். இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் கொர்னீலியாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

டெக்கான் காலேஜில்

பம்பாய் யூனிவர்சிட்டி ஆரம்பத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கொர்னீலியாவின் அக்காக்களுக்காகத் தந்தை முயன்றபோது கதவு திறக்கவில்லை. 1883-ல்தான் விதி மாறியது. அதன் பிறகு கொர்னீலியா பூனா டெக்கான் காலேஜில் சேர்ந்தார். லோகமான்ய திலகர் படித்த அதே காலேஜ்தான். அத்தனை மாணவர்களுக்கு நடுவில் இவர் ஒருவர்தான் பெண். வகுப்புக்குள் நுழைய முடியாதபடி சில பையன்கள் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டதும் உண்டு. எப்படியும் உள்ளே போய் உட்கார்ந்து படித்தார்.

பி.ஏ. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். பம்பாய் யூனிவர்சிட்டியின் முதல் பெண் பட்டதாரி இவர்தான். அந்தத் தேர்ச்சிக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்க ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்க வேண்டும். மார்க் போதுமானதாக இருந்தும் ஸ்காலர்ஷிப் கொடுக்க மறுத்தார்கள். அது பெண்ணுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு அகமதாபாத் குஜராத் காலேஜில் கொஞ்ச காலம் ஆங்கில இலக்கியம் போதித்தார். இருபத்தோரு வயதுப் பெண், ஆண் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குப் பாடம் நடத்துவது 1888-ல் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். இதற்குள் ஸ்காலர்ஷிப் மறுக்கப்பட்ட செய்தி இங்கிலாந்தில் சிலர் காதுக்கு எட்டியது. லேடி ஹாப்ஹவுஸ் என்பவர் முன்னின்று நிதி திரட்டினார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், இந்திய தேசிய காங்கிரஸில் ஈடுபாடு கொண்ட சர் வில்லியம் வெட்டர்பர்னும் உதவியவர்களில் அடக்கம். 1889-ல் கொர்னீலியா ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான ஸோமர்வில் ஹாலில் சேர்ந்தார்.

பரீட்சை உண்டு, பட்டம் கிடையாது

ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் இலக்கியம் படிக்கச் சொன்னார்கள். இவர் சட்டம்தான் வேண்டும் என்று நின்றார். பேலியல் காலேஜ் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் இவரிடம் மிகுந்த பிரியம் வைத்து ஆதரவு தந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண் இவர்.

1892-ல் பி.சி.எல். பரீட்சை வந்தது. சிவில் சட்டத்தில் உயர் பரீட்சை அது. பெண்ணைப் பரீட்சிக்க மாட்டேன் என்று பரீட்சகர் ஆட்சேபித்தார். நண்பர்கள் முயன்று யூனிவர்சிட்டியின் சபையில் விசேஷத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகுதான் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து எழுத அனுமதி கிடைத்தது. எழுதினார், தேறினார்.

தேறியும் பட்டம் கிடைக்கவில்லை. அந்த நாளில் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பாடம் நடத்தும், பரீட்சை வைக்கும், தேர்ச்சி என்றும் சொல்லும். பட்டம் மட்டும் தராது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவதற்கும் பெண்களுக்கு வழி கிடையாது. லண்டனில் ஒரு சாலிசிட்டர் கம்பெனியில் கொஞ்ச காலம் பயிற்சி பெற்றுவிட்டு 1893-ல் கொர்னீலியா தாய்நாடு திரும்பினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. தலை நிறையச் சட்டம் இருந்தது. கையில் பட்டம் இல்லை.

திரும்பி வந்த பிறகு

சட்டம் படித்த பெண்ணை என்ன செய்வது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. முதலில் சுதேச சமஸ்தானங்கள்தான் இடம் கொடுத்தன. கத்தியவார், இந்தோர் பக்கங்களில் பிரிட்டிஷ் ஏஜெண்டுகள் முன்னால் பர்தாப் பெண்கள் சார்பாக மனுப் போட விசேஷ அனுமதி கிடைத்தது. ஆனால் வக்கீல் என்ற அந்தஸ்து கிடையாது. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

அந்த நாளைய வேடிக்கை ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஒரு சின்ன சமஸ்தானத்தில் ஒரு யானையின் பராமரிப்புக்கான மானியம் சம்பந்தமாக வழக்காடப் போனார். ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு இவர் பக்கம் என்று சொல்லிவிட்டார். ராஜாவின் நாய்க்கு இவரைப் பிடித்துப் போயிற்றாம், அதுதான் காரணம். சிரிப்பாக இருந்தாலும் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. சட்டத்தில் உரிமை இல்லாதவனுக்கு ஜயமும் யாரோ ஒருவருடைய தயவால்தான் வந்து சேர்கிறது.

1896-ல் பூனாவில் ஒரு கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்காகப் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஆஜரானார். பதிவு பெற்ற வக்கீலாக இல்லாதவரும் நீதிமன்றத்தின் அனுமதியோடு எதிரிக்காகப் பேசலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. இதுவும் அந்த ஒரு வழக்குக்கான அனுமதிதான்.

சரி, வெளிநாட்டுப் படிப்பைத்தான் ஏற்கவில்லை, உள்நாட்டுப் பரீட்சையும் எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தார். 1897-ல் பம்பாய் யூனிவர்சிட்டி எல்.எல்.பி. பரீட்சையில் தேறினார். பிரயோஜனமில்லை. 1899-ல் அலகாபாத் ஹைகோர்ட் நடத்திய வக்கீல் பரீட்சையிலும் தேறினார். அப்போதும் பெயரைப் பதிவு செய்ய மறுத்தார்கள். இங்கிலாந்தில் சட்டம் படித்து பாரிஸ்டரான இவருடைய சொந்தத் தம்பி அதே அலகாபாத்தில் தொழில் நடத்தினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இருவரும் இங்கிலாந்தில் சட்டம் படித்தவர்கள். தம்பியின் படிப்பு செல்லுபடியாயிற்று, அக்காவின் படிப்பு செல்லவில்லை.

அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், தகுதியில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் விண்ணப்பதாரர் நினைக்கிறார். இன்னொரு சர்டிபிகேட் வாங்கி வந்து நிற்கிறார். குறை விதியில் இருந்தால் எத்தனை சர்டிபிகேட் சேர்த்தாலும் ஃபைல் நகராது. கொர்னீலியா மூன்று பரீட்சைகளில் தேறிய பிறகும் இதே நிலைதான்.

வேறு வாசல்

விதி மாறும் வரை சும்மா உட்கார்ந்திருக்க அவர் விரும்பவில்லை. 1902 முதல் அரசாங்கத்துக்கு எழுத ஆரம்பித்தார். பர்தாவுக்குள் வாழும் பெண்களின் சொத்து விவகாரங்களைப் பார்க்க ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்பது அவருடைய யோசனை. வாரிசு மைனராக இருந்தாலோ, சொத்தைப் பெண்கள் தாங்களே நிர்வகிக்க முடியாமல் இருந்தாலோ ஜமீனைச் சர்க்காரே எடுத்து நடத்தும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற ஏற்பாட்டைப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். 1904-ல் வங்காள கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் பெண் உதவியாளராக இவரை நியமித்தார்கள்.

வங்காளம், பீஹார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் என்று பல ஜில்லாக்களில் சுற்றினார். பல்லக்கிலும் படகிலும் யானை மேலும் பயணம். எந்த ஆண் அதிகாரியும் நுழைய முடியாத அந்தப்புரங்களில் உட்கார்ந்து விதவை ராணிகளின் குறைகளைக் கேட்டு, ஜீவனாம்சம், சுவீகாரம், குழந்தைகளின் படிப்பு, நிர்வாகிகளின் கணக்கு என்று எல்லாவற்றையும் தீர்த்து வைத்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களும் அநாதைக் குழந்தைகளும் அவரால் பயனடைந்தார்கள் என்று கணக்கு. 1909-ல் கெய்ஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கிடைத்தது. இத்தனைக்கும் வக்கீல் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

விதி மாறிய விதம்

வக்கீல்கள் சம்பந்தமான 1879-ம் வருஷச் சட்டத்தில் பெண் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆண்பாலில் சொன்னது பெண்பாலையும் குறிக்கும் என்று பொது விதிகள் சட்டம் வேறு இருந்தது. இதை ஆதாரமாகக் கொண்டு ரெஜினா குஹா என்ற பெண்மணி 1916-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் மனுச் செய்தார். நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் மனதில் பெண் என்ற எண்ணமே இல்லை, ஆகவே பொது விதி இங்கே பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. 1921-ல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹாஸ்ரா என்பவருக்கும் இதே பதில்தான்.

ஆனால் அதே 1921-ல், ஆகஸ்ட் மாதம், அலகாபாத் ஹைகோர்ட் மனம் மாறி கொர்னீலியாவை வக்கீலாகப் பதிவு செய்தது. 1899-ல் பரீட்சை தேறியவருக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து அனுமதி. இதற்குள் இங்கிலாந்திலும் மாறுதல் வந்திருந்தது. தொழில்களில் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கி 1919-ல் அங்கே சட்டம் வந்தது. 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 1922-ல் கொர்னீலியா அங்கே போய், 1892-ல் தேறிய பி.சி.எல். பட்டத்தை முறையாகப் பெற்றுக்கொண்டார். பரீட்சை எழுதியது இருபத்தைந்து வயதில்; பட்டம் வாங்கியது ஐம்பத்தைந்து வயதில். லண்டன் லிங்கன்ஸ் இன் வழியாகப் பாரிஸ்டராகவும் ஆனார்.

1923-ல் இந்தியாவிலும் பெண் வக்கீல்கள் சட்டம் நிறைவேறியது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வக்கீலாகப் பதிவு செய்ய மறுக்கக்கூடாது என்பதே அதன் சாராம்சம். சின்னஞ்சிறு சட்டம். அதைக் கொண்டுவர இத்தனை வருஷம் பிடித்தது.

1924-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் தொழிலைத் தொடங்கினார். ஆனால் ஐம்பத்தேழு வயதில் ஜூனியராக நுழைந்தவருக்கு எத்தனை வழக்குகள் கிடைக்கும்? பெரும்பாலும் சட்ட அபிப்பிராயம் எழுதிக் கொடுக்கும் வேலைதான் வந்தது. கோர்ட்டில் நின்று வாதாடும் வாய்ப்பு குறைவு. 1929-ல் ஓய்வு பெற்றார். அதே சமயத்தில் மிதன் டாடா என்ற இருபத்தைந்து வயதுப் பெண் லண்டனில் பாரிஸ்டராகிப் பம்பாய் ஹைகோர்ட்டின் முதல் பெண் வக்கீலாக நுழைந்தார். இவரைவிட முப்பத்தொரு வயது இளையவர். கதவு இருவருக்கும் ஒரே நேரத்தில் திறந்தது. ஒருவருக்கு வாழ்க்கை முன்னால் இருந்தது, மற்றவருக்குப் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

இன்னொரு பக்கம்

நியாயமாக எழுத வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். கொர்னீலியா பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தவர். மகாத்மா காந்தியின் இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். நம் நாட்டைப் பழித்துக் காதரின் மேயோ 1927-ல் எழுதிய புத்தகத்தை ஆதரித்துப் பேசியதால் பலருடைய நட்பை இழந்தார். சுதந்திர இந்தியா அவரை அதிகம் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் கருத்துக்களை நான் ஏற்கவில்லை. அவருக்கு நேர்ந்த அநியாயம் அதனால் குறைந்துவிடவில்லை. தகுதியைப் பரிசீலிக்கும்போது விண்ணப்பதாரரின் அபிப்பிராயங்களைப் பார்க்கக்கூடாது என்பது சர்வீஸில் நாங்கள் கற்ற பாடம்.

ஓய்வுக்குப் பிறகு பெரும்பாலும் லண்டனிலேயே வசித்தார். 1934-ல் சுயசரிதை வெளிவந்தது. 1954-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி, எண்பத்தேழாவது வயதில், அங்கேயே காலமானார். 2012-ல் லிங்கன்ஸ் இன்னில் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள்.

நம் குழந்தைகளுக்கு

இன்று ஆண், பெண் என்ற தடை இல்லை. ஆனால் படிப்பு வேறு, பட்டம் வேறு, தொழில் செய்யும் அனுமதி வேறு என்ற நிலைமை அப்படியே இருக்கிறது. என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு வந்தாள். இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய இன்னொரு பரீட்சை உண்டு என்பது விமானம் இறங்கிய பிறகுதான் அவள் பெற்றோருக்குத் தெரிந்தது. வெளிநாட்டு யூனிவர்சிட்டியைப் பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், தகுதிப் பரீட்சையிலும் தேற வேண்டும் என்பது விதி. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு 2002 முதல் ஸ்கிரீனிங் பரீட்சை இருக்கிறது. மற்றப் பட்டங்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நெடுங்காலம் சமநிலைச் சான்று கொடுத்து வந்தது, 2025-ல் யு.ஜி.சி. இதற்கென்று தனி விதிகள் வெளியிட்டது. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதில் சேராது. அவற்றுக்கு அந்தந்தக் கவுன்சில்தான்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் யோசனை ஒன்றே. அட்மிஷன் கிடைத்தவுடன் யூனிவர்சிட்டியின் பெருமையை மட்டும் விசாரிக்காமல், படித்து முடித்தபின் எந்த ஊரில் தொழில் செய்ய உத்தேசமோ அந்த ஊரில் அனுமதி தருபவர் யார், அவருடைய விதி என்ன என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கொர்னீலியாவுக்குக் கேட்க இடமே இல்லை. நமக்கு இருக்கிறது.

நம் குடும்பங்களில் பலர் இன்று அனுமதி கொடுக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விதியில் ஒருவருக்கு இடம் இல்லை என்றால் மறுப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்த விதி எழுதப்பட்டபோது இப்படி ஒருவர் வருவார் என்று யோசித்தார்களா என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பலாம். 1899-ல் அலகாபாத்தில் அப்படி யாராவது வற்புறுத்தி எழுதியிருந்தால் ஒருவருடைய இருபது வருஷம் மிச்சமாகியிருக்கும்.

புணே வரும் அன்பர்கள் ஏரவாடாவில் டெக்கான் காலேஜைப் பார்க்கலாம். 1868-ல் அங்கே குடியேறிய பழைய கல் கட்டடம். தொல்லியலுக்கும் மொழி ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்ற நிறுவனமாக இன்று நடக்கிறது. கொர்னீலியாவின் தங்கை ஸூஸி சொராப்ஜி தொடங்கிய ஸெயிண்ட் ஹெலினாஸ் பள்ளிக்கூடமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இப்போது அங்கே பெண் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கப் போகிறார்கள். காலை வேளையில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம்.